காவியும் கணக்கும்



ஜூலை 19 சுவாமி விபுலானந்தரின் நினைவு நாள். இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுவது என்று முடிவானதுமே எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னச் சண்டை. "ராமகிருஷ்ண மடத்துத் துறவி, எனக்குத்தான்" என்றார் ஆன்மிகப் பகுதியைப் பார்ப்பவர். இலக்கியப் பகுதிக்காரர் விடுவாரா? "இரண்டு பல்கலைக்கழகங்களில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். உங்களுக்கு எப்படித் தருவது?" என்று கேட்டார். 'யாழ் நூல்' என்ற ஒன்றை மறந்துவிட்டீர்களா என்று இசைப் பக்கத்துக்காரரும் சேர்ந்துகொண்டார். மூவரும் என் மேசைக்கு வந்து நின்றபோது, ஆசிரியருக்கென்று இருக்கிற ஒரே சலுகையை நான் பயன்படுத்திக்கொண்டேன். அவரை என் பக்கத்துக்கே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அவரும் நம் தொழில்காரர். 1922இல் மயிலாப்பூர் மடத்தில் சேர்ந்தவரிடம் பத்திரிகை வேலையும் வந்து சேர்ந்தது. தமிழில் 'ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம்', ஆங்கிலத்தில் 'வேதாந்த கேசரி' என்று இரண்டுக்கும் ஆசிரியர். பல வருஷம் கழித்து, 1939 முதல் 1941 வரை, இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் இருந்துகொண்டு 'பிரபுத்த பாரத'த்தை நடத்தினார். 1896இல் சென்னையில் தொடங்கப்பட்ட இதழ் அது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர்தான் அதன் முதல் ஆசிரியர். அவர் 1898இல் இருபத்தாறே வயதில் காலமானார். நின்றுபோக இருந்த இதழை விவேகானந்தர் அல்மோராவுக்குக் கொண்டுபோய் உயிர்ப்பித்தார். அடுத்த வருஷம் அது மாயாவதிக்குப் போனது. ஒரு தமிழ் நாவலாசிரியர் உட்கார்ந்து தொடங்கிவைத்த நாற்காலியில், நாற்பது ஆண்டு கழித்து இலங்கையின் கிழக்குக் கரைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மாதந்தோறும் பக்கம் நிரப்பும் கவலை தெரிந்தவர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் ஒரு தனி ஒட்டுதல்.

ஊர் காரைதீவு. யாழ்ப்பாணத்துக் காரைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்முனைக்குப் பக்கத்தில் இருக்கிற கடலோர ஊர். சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியின் மகனாக 1892 மார்ச் மாதம் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். அந்தப் பக்கத்து ஊர்களில் கண்ணகி வெறும் காப்பியத் தலைவி அல்லள், அம்மன். காரைதீவிலும் கண்ணகை அம்மன் கோயில் உண்டு. சடங்குக் காலத்தில் வழக்குரை பாடுவார்கள். கோவலன் கதை முழுக்க ஊர்க்காரர் காதில் விழும். பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் ஒரே ஒரு காதையைப் பிடித்துக்கொண்டு அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததற்கு விதை இங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் மதுரையிலும் பூம்புகாரிலும் பிறந்தவர்களைவிட அவருக்கு மாதவியும் கண்ணகியும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

படிப்பு முதலில் கல்முனையில், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில். சைவப் பிள்ளை, கத்தோலிக்கப் பள்ளி. வீட்டுப் பக்கம் தமிழும் வடமொழியும், பள்ளியில் ஆங்கிலமும் கணிதமும். கேம்பிரிட்ஜ் சீனியர் தேறியபோது வயது பதினாறு. படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். கொழும்புக்குப் போய் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் ஒரே ஆண்டில் அவர் பெற்ற இரண்டு பட்டங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்று, கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளமோ. மற்றொன்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். இலங்கையிலிருந்து அந்தப் பண்டிதர் பரீட்சையில் தேறிய முதல் ஆள் அவர்தான். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் வந்தது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராகப் போனார்.

நல்ல உத்தியோகம், நல்ல பெயர். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் பி.எஸ்ஸி. படித்த பண்டிதருக்கு இருந்திருக்கக்கூடிய மரியாதையை நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வயதில் அத்தனையையும் விட்டுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினார்.

இந்த இடத்தில் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு திடீர்த் திருப்பம் வைப்பார்கள். அப்படி ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. சென்னை மடத்தின் தலைவராக இருந்த சுவாமி சர்வானந்தர் 1917இல் இலங்கைக்கு வந்திருந்தார். அவரோடு ஏற்பட்ட பழக்கம் ஐந்து வருஷம் உள்ளுக்குள்ளேயே வேலை செய்திருக்கிறது. பிரமசரிய தீட்சையில் பிரபோத சைதன்யர் என்ற பெயர். 1924இல் சந்நியாசம். கொடுத்தவர் சுவாமி சிவானந்தர், ராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர், அப்போது இயக்கத்தின் தலைவர். 1897இல் விவேகானந்தர் வேதாந்தம் சொல்ல இலங்கைக்கு அனுப்பிவைத்தது இந்தச் சிவானந்தரைத்தான். கால் நூற்றாண்டு கழித்து அந்தத் தீவிலிருந்தே ஒரு சீடர் அவரைத் தேடி வந்துவிட்டார். மயில்வாகனம் அன்றிலிருந்து விபுலானந்தர்.

துறவு என்றால் படிப்பையும் மூட்டைகட்டி வைப்பது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சந்நியாசம் பெற்ற காலத்தில்தான் மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்காக நாடகம் பற்றி ஆராய்ந்தார். அது 1926இல் 'மதங்க சூளாமணி' என்ற நூலாக வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களையும், வடமொழி நாடக இலக்கணத்தையும், சிலப்பதிகார உரைகள் சொல்லும் பழந்தமிழ்க் கூத்து மரபையும் ஒரே புத்தகத்தில் கொண்டுவந்தவர் புதிதாகக் காவி உடுத்திய ஒரு துறவி. விவேகானந்தரின் கர்ம யோகத்தையும் ஞான யோகத்தையும் தமிழாக்கியதும் அதே கைதான். எது ஆன்மிகம், எது இலக்கியம் என்று எங்கள் அலுவலகத்தில் நடந்த சண்டை அவர் மேசையில் நடந்திருக்காது.

1925இல் மடம் அவரை இலங்கைக்கு அனுப்பியது. வேலை, பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்தில் வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலையில் இந்துக் கல்லூரி என்று ராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற பள்ளிகளை அவர் கவனித்தார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் 1929இல் ஒரு பள்ளியைத் தொடங்கித் தன் குருவின் பெயரையே வைத்தார்: சிவானந்த வித்தியாலயம். நல்ல கல்வி வேண்டுமென்றால் கிறிஸ்தவ மிஷனரிப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்த காலம் அது. தானே அப்படிப் போய்ப் படித்தவர் என்பதால் அந்தப் பள்ளிகளின் அருமையும் தெரியும், நம் பிள்ளைகளுக்கு அங்கே எது கிடைக்காது என்பதும் தெரியும். ஏழைப் பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் தங்கவைத்துப் படிக்கவைக்கும் இல்லமும் பக்கத்திலேயே வளர்ந்தது. கிழக்கு மாகாணத்தில் இன்றைக்கும் பெரியவர்கள் அவரை முதலில் நினைப்பது இதற்காகத்தான். யாழ் நூலெல்லாம் அப்புறம்.

1931இல் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் புதிய பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியர் தேவைப்பட்டபோது அழைப்பு இவருக்கு வந்தது. இரண்டு ஆண்டு சிதம்பரத்தில் இருந்தார். பாரதியைக் கவி என்று ஒப்புக்கொள்ளவே புலவர்கள் பலர் தயங்கிய நாள்கள் அவை. பண்டிதர் பட்டம் பெற்ற இந்தப் பேராசிரியர் மாணவர்களைக் கூட்டிவைத்துப் பாரதி பாட்டைப் பாடவும் பேசவும் வைத்தார். வெளியாள் சொன்னால் தள்ளிவிடலாம். இலக்கணத்தில் தங்களுக்குச் சமமான ஒருவர் சொல்லும்போது புலவர்களால் அப்படித் தள்ள முடியவில்லை. மாலை நேரங்களில் பக்கத்துத் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பேராசிரியர் வீட்டுக்கும் சேரிக்கும் நடுவே இருந்த தூரம் அந்தக் காலத்தில் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும்.

1936இல் சென்னையில் கலைச்சொல் ஆக்க மாநாடு கூடியபோது தலைமை அவருக்கு. வேதியியலும் பௌதிகமும் படித்த பண்டிதர் வேறு யார் இருந்தார்கள்? இதையெல்லாம் நான் வேகமாகக் கடந்துபோகிறேன் என்றால், சொல்ல வேண்டிய பெரிய விஷயம் ஒன்று காத்திருப்பதால்தான்.

சிலப்பதிகாரத்தில் மூன்றாவதாக வருவது அரங்கேற்று காதை. மாதவி முதன்முதலாக மேடையேறுகிறாள். ஆடல் ஆசான் எப்படி இருக்க வேண்டும், இசை ஆசிரியன் எப்படி, தண்ணுமைக்காரன் எப்படி, குழலோன் எப்படி, யாழாசிரியன் எப்படி என்று இளங்கோ அடுக்கிக்கொண்டே போகிறார். பாட்டாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் யாழாசிரியன் வரும் இடத்தில் நரம்புகளை எப்படிச் சுருதி கூட்டினான் என்று கணக்காகவே சொல்லியிருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் உரை எழுதிய காலத்திலேயே பழைய இசை நூல்கள் பலவும் மறைந்துவிட்டன. பின்னால் யாழும் மறைந்தது. இந்த வரிகளுக்கு உரை எழுதப் போனவர் விபுலானந்தர். உரை பெருகிப் பெருகி 'யாழ் நூல்' என்ற பெரிய நூலாகிவிட்டது.

யாழ் என்றதும் வீணை மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு. வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியில் விரல் நகர்ந்து எல்லாச் சுரத்தையும் எடுக்கலாம். யாழில் மெட்டே கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு ஏழு. அப்படியானால் நரம்புகளை எந்த ஒழுங்கில் கூட்டினார்கள் என்று கண்டுபிடித்தால் போதும், அந்தக் காலத்து இசை கைக்கு வந்துவிடும். கருவி அழிந்துவிட்டாலும் கணக்கு அழியவில்லை என்பதுதான் விபுலானந்தர் பிடித்துக்கொண்ட நூல்முனை.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரம். அவற்றுக்கு 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு, அதாவது சுருதி அளவு; கூட்டினால் 22. குரலுக்கு ஐந்தாவது இளி. இந்த இரண்டின் உறவு 3:2. இந்த ஐந்தாம் உறவையே பிடித்துக்கொண்டு, இளியிலிருந்து அதன் இளி, அதிலிருந்து அதன் இளி என்று பன்னிரண்டு முறை போனால் தொடங்கிய சுரத்துக்கே திரும்பிவிட வேண்டும். ஆனால் சரியாக அங்கே வந்து நிற்பதில்லை; ஒரு சின்ன மிச்சம் விழுகிறது. உலகத்து இசைக் கணக்கர்கள் எல்லோருக்கும் தலைவலி கொடுத்த மிச்சம் அது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் அலகு 24 என்று வாதாடினார். விபுலானந்தர் 22 என்ற வழியில் போனார். பின்னங்களாகவே பக்கம் பக்கமாகப் போட்டு, செம்பாலை என்ற சுர வரிசையிலிருந்து குரலை நகர்த்த நகர்த்த மற்ற ஆறு பாலைகளும் எப்படிப் பிறக்கின்றன என்று காட்டினார். பி.எஸ்ஸி. பட்டத்துக்கு வேலை கிடைத்தது இங்கேதான்.

மடம் அவரை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. கல்லடி, சிதம்பரம், சென்னை, மாயாவதி, 1943இல் தமிழ்ப் பேராசிரியராக இலங்கைப் பல்கலைக்கழகம் என்று போய்க்கொண்டே இருந்தார். போன இடமெல்லாம் இந்தக் கணக்கும் கூடவே போனது. புதுக்கோட்டைச் சீமையில் பெ. ராம. ராம. சிதம்பரம் செட்டியார் தன் இடத்தில் தங்கவைத்து, எழுத வசதி செய்துகொடுத்தார். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பக்கத்திலேயே இருந்தது. அதுவும் நூலுக்குள் வந்தது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசை நரம்பியல், பாலைத் திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல். இத்தனை எண்ணுக்கு நடுவே மட்டக்களப்பு வாவியும் இருக்கிறது. அந்த வாவியில் நிலாக் காலத்தில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் நீருக்கடியிலிருந்து ஒரு நாதம் கேட்கும் என்பார்கள். பாடும் மீன் என்று ஊர் சொல்லும். அதை நீரரமகளிரின் இசையாக வைத்து அவர் ஒரு பாட்டே எழுதினார். கணக்குப் போடுகிறவருக்குக் காது இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

யாழ் நூல் எளிய புத்தகம் அல்ல. நடை இறுக்கமானது; இசை தெரியாதவருக்கு நடுப்பகுதி மலையேற்றம்தான். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் பின்னால் வந்த இசை ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அப்படி மறுக்கிறவர்கள்கூட அவர் போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. பழம்பெருமை பேசி உணர்ச்சிவசப்படுவது சுலபம். அதைவிட்டு, தவறு இருந்தால் காட்டு என்று எண்ணை எழுதி மேசையில் வைப்பதற்கு வேறொரு அடக்கம் வேண்டும். அவருடைய துறவை நான் பார்ப்பது அங்கேதான்.

நூல் அரங்கேறியது 1947 ஜூன் முதல் வாரத்தில், கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில். அந்தத் தலத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பது தேவாரம் அறிந்தவர்களுக்குப் புரியும். ஆற்றில் வெள்ளம் வந்து ஓடக்காரர்கள் கரையில் ஒதுங்கிவிட, ஞானசம்பந்தர் பாட்டாலேயே ஓடத்தைச் செலுத்திய இடம். அவருடைய பதிகங்களுக்கு உடனிருந்து யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். நூலின் கணக்கைக் கொண்டு செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். சபையில் மீட்டியும் காட்டினார்கள். விபுலானந்தர் அப்போதே உடல்நலம் குன்றியிருந்தார். ஆறே வாரத்தில், ஜூலை 19ஆம் தேதி, கொழும்பில் காலமானார். வயது 55. உடலைக் கல்லடிக்குக் கொண்டுபோய், அவர் தொடங்கிய பள்ளியின் வளாகத்திலேயே சமாதி வைத்தார்கள். இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்டு அவர் எழுதிய பாட்டை அங்கே பொறித்திருக்கிறார்கள்.

1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டபோது ராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளும் அரசிடம் போயின. சிவானந்த வித்தியாலயம் இன்றும் நடக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரிலேயே கல்லடியில் இசையும் நடனமும் நாடகமும் கற்பிக்கிறது. சிலைகள் நிறைய இருக்கின்றன. ஜூலை மாதம் அவற்றுக்கு மாலையும் விழும், மேடையில் 'முத்தமிழ் வித்தகர்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அந்தப் பட்டமே அவரைப் படிக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்காகிவிட்டதோ என்று எனக்கு வருத்தம் உண்டு.

அதனால் வாசகர்களிடம் இரண்டு கோரிக்கைகள். உங்கள் ஊர் நூலகத்தில் 'யாழ் நூல்' இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பாயிரவியலையும் தேவாரவியலையும் முதலில் படியுங்கள், பின்னக் கணக்குக்கு மெதுவாக வரலாம். இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அடுத்தது, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் அவர் வளர்த்த பள்ளிகளில் படித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று பல நாடுகளில் நம் இதழைப் படிக்கிறீர்கள். அப்பாவோ தாத்தாவோ சொன்ன ஒரு சம்பவம், பெட்டியடியில் கிடக்கும் ஒரு பழைய புகைப்படம், பள்ளி மலரின் ஒரு பக்கம், எதுவானாலும் எங்களுக்கு அனுப்புங்கள். ஆகஸ்ட் 10ஆம் தேதிக்குள் வந்து சேர்பவற்றைச் செப்டம்பர் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்